வில்லேஜ் வான்கார்டில் பியானோ மூவரைக் கேட்கப் போகிறவர்களுக்கு

நியூயார்க் பயணத்தில் இசைக்கென்று ஒரே ஒரு மாலைதான் ஒதுக்க முடியும் என்றால், அதை கிரீனிச் வில்லேஜில் உள்ள வில்லேஜ் வான்கார்டுக்குக் கொடுங்கள். முகவரி 178, செவன்த் அவென்யூ சவுத். 1935 முதல் இதே நிலவறையில் நடந்துவரும் ஜாஸ் கிளப் இது. தொடங்கியவர் மேக்ஸ் கார்டன். 1989-ல் அவர் காலமானதும் மனைவி லொரைன் பொறுப்பேற்றார். 2018-ல் அவரும் மறைந்தபின் மகள் டெபோரா நடத்துகிறார்.

1, 2, 3 எண் சப்வே ரயில்கள் நிற்கும் 14-ஆம் தெரு நிலையத்தில் இறங்கித் தெற்கே நடந்தால் சில நிமிடங்களில் சிவப்புக் கதவு தெரியும். உள்ளே செங்குத்தான குறுகிய படிக்கட்டு. மூட்டு வலி உள்ளவர்களை அழைத்துப்போவதானால் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக ஒரு குழு செவ்வாய் தொடங்கி ஞாயிறு வரை தொடர்ந்து வாசிக்கும். திங்கட்கிழமை வான்கார்ட் ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு உரியது. 1966-ல் தொடங்கிய வழக்கம். இரவு 8 மணிக்கு ஒரு செட், 10 மணிக்கு ஒரு செட். இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட். என்னைக் கேட்டால் வாரத்தின் நடுவில் ஒரு நாளை எடுத்து, அதிலும் இரண்டாவது செட்டுக்குப் போங்கள். முதல் செட்டில் கை சூடேறியிருக்கும். மூவரும் துணிந்து விளையாடுவார்கள்.

யாரைக் கேட்பது? நெடுங்காலம் சேர்ந்தே வாசித்துவரும் மூவர் மேடையேறும் வாரமாகப் பாருங்கள். பில் சார்லாப் பெயர் அட்டவணையில் இருந்தால் தயங்கவே வேண்டாம். 1997 முதல் அவர் பியானோவிலும், பீட்டர் வாஷிங்டன் டபுள் பேஸிலும், கென்னி வாஷிங்டன் டிரம்ஸிலும் ஒரே குழுவாக இருக்கிறார்கள். பெயர் ஒத்திருந்தாலும் இரு வாஷிங்டன்களும் உறவினர்கள் அல்லர். இந்த அறையிலேயே பதிவுசெய்த இவர்களுடைய ஆல்பம் 2007-ல் வெளிவந்தது. கெர்ஷ்வின், பெர்ன்ஸ்டைன் போன்றோரின் பழைய பாடல்களைத்தான் அதிகம் எடுப்பார்கள். ஒருவர் சட்டென்று தணிந்தால் மற்ற இருவரும் அதே நொடியில் தணிவார்கள், கண்ஜாடைகூடத் தேவைப்படாது. பியானோ கலைஞர்கள் கென்னி பேரனோ பிரெட் ஹெர்ஷோ தங்கள் மூவர் குழுவோடு வரும் வாரமும் அதே அளவு மதிப்புள்ளது.

சுமார் 120 பேர் மட்டுமே உட்காரக்கூடிய அறை. மேடையை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும் முக்கோண வடிவம். அதனால்தான் கடைசி மேசை வரை ஒலி தெளிவாக வருகிறது. இருக்கைகளுக்கு எண் கிடையாது, முதலில் வருபவருக்கு முதலிடம். அரை மணி நேரமாவது முன்னதாகப் போய் நில்லுங்கள். மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் பியானோ இடப்பக்கம், டிரம்ஸ் வலப்பக்கம். எல்லோரும் விரல்களைப் பார்க்க இடப்பக்கம் ஓடுவார்கள். நீங்கள் வலப்பக்கச் சுவரை ஒட்டிய நீள இருக்கையைப் பிடியுங்கள். சார்லாப் குழுவின் வாரமானால், கென்னி வாஷிங்டன் கம்பி பிரஷ்ஷால் ஸ்னேர் டிரம்மின் தோலை வருடுவதை ஒலிபெருக்கி வழியாக இல்லாமல் நேராகக் கேட்கும் வாய்ப்பு அங்கேதான் கிடைக்கும்.

ஜாஸ் புதிது என்றால் பயப்பட வேண்டாம். பல பாடல்களுக்கு 32 பார் (தாள அளவு) கொண்ட ஒரு மெட்டுதான் அடித்தளம். முதலில் மூவரும் அதை முழுதாக வாசிப்பார்கள். பிறகு அதே சுற்று மறுபடி மறுபடி வரும். அதன்மேல் முதலில் பியானோ, பிறகு பேஸ் என்று ஒவ்வொருவராகக் கற்பனையை விரிப்பார்கள். மெட்டை மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருங்கள், வழி தவறாது. முடிவை நெருங்கும்போது பியானோவும் டிரம்ஸும் நான்கு நான்கு பாராக மாறி மாறி வாசிப்பார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் பதிலுக்குப் பதில் வாசிப்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். அதன்பின் மெட்டு திரும்பும், பாடல் முடியும். ஒருவரின் தனி வாசிப்பு முடிந்ததும் கைதட்டலாம், அதுதான் மரபு.

பேஸ் தனியாக வாசிக்கும் நேரத்தில் மட்டும் கண்ணாடிக் கோப்பையைக்கூட அசைக்காதீர்கள். அந்தக் கருவியின் குரல் தாழ்ந்தது, எளிதில் அமுங்கிவிடும். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை இதே மேடையில் பியானோவில் பில் எவன்ஸ், பேஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன் மூவரும் வாசித்தது பதிவானது. லஃபாரோவின் பேஸுக்குப் பின்னால் மேசைப் பேச்சும் கோப்பைச் சத்தமும் கேட்கும். பியானோவுக்குத் தாளம் பிடிப்பதோடு நிற்காமல் அதனுடன் சரிசமமாகப் பேசிய பேஸ் அது. ஜூலை 6-ஆம் தேதி கார் விபத்தில் அவர் இறந்தார், வயது 25. பியானோ மூவர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று பின்வந்தவர்கள் அந்த ஒரு நாள் பதிவிலிருந்துதான் பாடம் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கருத்து. அந்தப் பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. விமானத்திலேயே ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள்.

இன்று விதிகள் கண்டிப்பானவை. செட் நடக்கும்போது படம் எடுக்கக் கூடாது, பதிவுசெய்யக் கூடாது, பேசக் கூடாது. போனை அணைத்துவிடுங்கள். ஒரு பானமாவது வாங்க வேண்டும். மது அருந்தாதவர்கள் சோடாவோ ஜூஸோ கேட்கலாம். பரிமாறுபவருக்கு 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது நகர வழக்கம். சாப்பாடு கிடையாது. பழைய சமையலறை இப்போது கலைஞர்கள் இளைப்பாறும் அறை. சைவம் சாப்பிடுபவர்கள் 278, பிளீக்கர் தெருவில் உள்ள ஜான்ஸில் முழு பீட்ஸாவைப் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு நடந்தே வரலாம். அங்கே துண்டாக விற்க மாட்டார்கள், ஆகவே துணையோடு போங்கள்.

டிக்கெட் கிடைக்காவிட்டாலும் மாலை வீணாகாது. பக்கத்திலேயே மேற்கு 10-ஆம் தெருவில் 163-ஆம் எண்ணில் மெஸ்ரோ என்ற ஜாஸ் கிளப் இருக்கிறது. பியானோவை மையமாக வைத்து 2014-ல் திறந்த சின்ன அறை. அதே தெருவில் 183-ல் ஸ்மால்ஸ். வான்கார்டின் இரண்டாவது செட் முடிந்து வெளியே வந்தபின்னும் தூக்கம் வராதவர்கள் ஸ்மால்ஸுக்குப் போகலாம்; இளம் கலைஞர்கள் கூடி வாசிக்கும் ஜாம் அங்கே நள்ளிரவு தாண்டியும் நடக்கும். சப்வே இரவு முழுவதும் ஓடுகிறது.