கல்லல் மண்ணின் அடியில் ஒரு பழம்பெரும் பள்ளம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன்)

முன்னுரை

பிளவுப் பள்ளத்தாக்கு என்றதும் நம் நினைவுக்கு வருவது கிழக்கு ஆப்பிரிக்கா. பள்ளிப் பாடநூலில் நாம் கண்ட படமும் அதுவே. ஆனால் நாம் நாள்தோறும் நடந்து திரியும் கல்லல் வட்டாரமும் அத்தகையதொரு பிளவின் விளிம்பையொட்டியே அமைந்துள்ளது என்றால் நண்பர்கள் வியப்படையலாம். அந்தப் பள்ளம் நிரம்பித் தூர்ந்து சமவெளியாகிவிட்டதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவ்வளவே.

பள்ளம் பிறந்த கதை

இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா ஆகியவை ஒரு காலத்தில் கோண்டுவானா என்னும் ஒரே நிலப்பரப்பாக இருந்தன. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரிடேசியஸ் காலத்தின் தொடக்கத்தில், இந்தியாவின் கீழைக்கரை அண்டார்டிகாவிலிருந்து விலகத் தொடங்கியது. நிலம் இழுபட்டு விரிசல் கண்டது. விரிசல்களுக்கு இடைப்பட்ட பகுதிகள் கீழே இறங்கின. இவ்வாறு பிறந்ததே காவிரிப் படுகை. அரியலூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம், இராமநாதபுரம் ஆகிய பகுதிகளில் தனித்தனிப் பள்ளங்களும் அவற்றின் நடுவே மேடுகளும் மண்ணுக்கடியில் உள்ளன.

சிவகங்கைப் பாறைகள்

பள்ளம் இறங்கியதும் மேற்கிலிருந்த மேட்டு நிலத்து ஆறுகள் அதில் பாய்ந்தன. வேகம் மிகுந்த இடத்தில் உருளைக் கற்களும், வேகம் தணிந்த இடத்தில் மணலும், தேங்கிய இடத்தில் களியும் படிந்தன. இவை இறுகி முறையே திரள்பாறை, மணற்பாறை, களிப்பாறை ஆயின. நிலவியலார் இவற்றைச் 'சிவகங்கைப் படிவுகள்' என்கின்றனர். களிப்பாறை ஏடுகளில் 'டைலோபில்லம்' என்னும் அழிந்துபோன செடியின் இலைத் தடங்கள் பதிந்துள்ளன. ஈச்ச ஓலையைப் போல் நடுநரம்பின் இருபுறமும் குறுகிய இலைகள் வரிசையாக அமைந்த செடி அது. பூக்கும் தாவரங்கள் அப்போது உலகில் பரவியிருக்கவில்லை.

பின்னர் கடல் உட்புகுந்தது. அதன் சான்றுகளை அரியலூர், பெரம்பலூர்ப் பக்கங்களில் காணலாம். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டிலும் கிரிடேசியஸ் மணற்பாறைகள் உள்ளன. அவற்றில் கிடைத்த பேருருவ டைனோசாரின் எலும்புகளுக்கு 1993-இல் 'மலாவிசாரஸ்' எனப் பெயரிட்டனர். நம் கல்லமேட்டிலும் அக்கால டைனோசார் எலும்புகள் கிடைத்துள்ளன.

கிணறு வெட்டுவோர் அறிந்தது

என் தந்தையார் கிணறு வெட்டும் தொழிலாளி. பள்ளிப்படிப்பு இல்லாதவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இப்பாறைகளைப் பற்றிப் படித்து அவரிடம் கூறியபோது அவர் சொன்னார்: "சிவகங்கைக்கு மேற்கே போனா வெடி வைக்காமக் கிணறு எறங்காதுப்பா. கிழக்கே வந்தா செம்புறாங்கல்லு, அதுக்குக் கீழே மணலும் களியுமாத்தான் வரும். கடப்பாரையும் மம்பட்டியும் போதும்."

நூல்கள் படுகையின் மேற்கு விளிம்பு எனக் கோடிட்டுக் காட்டுவது இதைத்தான். மேற்கே பள்ளம் இறங்காத பழைய கரும்பாறை, கிழக்கே பள்ளத்தை நிரப்பிய படிவுகள். சிவகங்கையிலிருந்து கல்லல் வழியாகக் காரைக்குடி செல்லும் இரயிலில் நாம் அந்த எல்லையை ஒட்டியே பயணம் செய்கிறோம். மேலேயுள்ள செம்புறாங்கல் மிகப் பிந்தியது. மழைநீர் பாறையிலுள்ள மணற்சத்தைக் கரைத்துச் செல்ல, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் எஞ்சி இறுகியதே அக்கல்.

முடிவுரை

இவ்வறிவால் பயன் உண்டா? உண்டு. நிலத்தடி நீர் தங்குவது இம்மணற்பாறைகளின் இடுக்குகளில்தான். எங்கே ஊறும், எங்கே வற்றும் என்பதைப் பாறையே முடிவு செய்கிறது. இராமநாதபுரம் பள்ளத்தில் கிடைக்கும் இயற்கை எரிவாயுவைக் கொண்டு வழுதூரில் மின்சாரம் தயாரிக்கப்படுகிறது.

ஆனால் சாலைக்கும் கட்டடத்திற்கும் கிராவல் அள்ளும் குழிகளில், இலைத்தடம் இருந்தாலும் எவர் கண்ணிலும் படாமலே லாரி ஏறிவிடும். கையால் கிணறு வெட்டுவோரும் அருகி வருகின்றனர். ஆழ்துளைக் கருவி கக்கும் தூளை எவரும் குறித்து வைப்பதில்லை. ஆகவே மாணவ நண்பர்களே, உங்கள் ஊரில் கிணறு வெட்டிய பெரியவர் ஒருவரிடம், எத்தனை அடியில் என்ன மண் வந்தது என்று கேட்டு எழுதி வாருங்கள். ஊருக்கு ஒரு தாள் சேர்ந்தால் போதும், இப்பள்ளத்தின் வரைபடத்தை நாமே வரையலாம். ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் அடுத்த ஆண்டு மலரில் அது இடம்பெறும்.