புதிதாகப் பாடம் எடுக்க வந்தவளுக்கு

கண்ணு, கல்லூரி வேலை கிடைத்துவிட்டது. மூடுல் என்ற இணையக் கற்றல் தளத்தில் உன் பாடத்தையும் திறந்து கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதில்லை என்று வருந்தினாயே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் கேள்வியைப் போடு, பிறகு பி.டி.எஃப். மாணவர்கள் கூடிப் பேசிக் கற்கவேண்டும் என்ற எண்ணத்தில்தான் மார்ட்டின் டூகியாமாஸ் மூடுலை உருவாக்கி 2002-இல் வெளியிட்டார். நாம் அதை நோட்ஸ் போடும் பரணாக்கி வைத்திருக்கிறோம்.

2. வாய் திறக்காத பிள்ளைக்கு இடம் கொடு. மூடுலில் கேள்வி-பதில் மன்றம் என்று ஒன்று உண்டு; தன் பதிலை எழுதிய பிறகுதான் மற்றவர் பதில் கண்ணில் படும். என் புள்ளியியல் வகுப்பில் ஒருத்தி, தமிழ் வழியில் படித்து வந்தவள், வகுப்பில் தலை நிமிரமாட்டாள். அந்த மன்றத்தில், “தமிழில் எழுதலாமா சார்?” என்று கேட்டாள். எழுதும்மா என்றேன். “எங்கள் தெருவில் ஒரே ஒரு பணக்காரர் குடிவந்தால் சராசரி வருமானம் எகிறும்; இடைநிலை அப்படி எகிறாது” என்று எழுதினாள். அன்றைய வகுப்பை அவள் வரியிலிருந்துதான் தொடங்கினேன். அடுத்த வாரம் எழுதியவர்களின் எண்ணிக்கை கூடியது. ஆங்கிலம் வராதவனுக்கு அறிவு வராது என்று மட்டும் எண்ணிவிடாதே.

3. பதிலைச் சூட்டோடு சூடாகச் சொல். ‘நன்று’ என்று எல்லோருக்கும் ஒட்டாதே. எந்த வரி நன்றாக இருந்தது என்று பெயர் சொல்லி எழுது.

4. யார் கடைசியாக எப்போது உள்ளே வந்தார்கள் என்பதை மூடுல் காட்டும். அதை வைத்து மிரட்டாதே. நாளாகியும் வராதவனைத் தனியாக அழைத்து விசாரி. மாலையில் கடை வேலைக்குப் போகிறவன் இருப்பான், டேட்டா தீர்ந்தவன் இருப்பான். வீடியோவைச் சிறிதாக்கு, மூடுல் செயலியில் முன்கூட்டியே இறக்கி, இணையம் இல்லாமலும் படிக்கலாம் என்று காட்டிக்கொடு. ஒப்படைப்புக் கெடுவை ஞாயிறு இரவுக்கு வை.

5. அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் வழியாக ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை எடுக்க 2021 முதல் யு.ஜி.சி. இடம் கொடுத்திருக்கிறது. பிள்ளைகளை ஸ்வயத்தில் உள்ள என்.பி.டெல் பாடங்களில் சேரச் சொல்லுமுன் நீ ஒன்றில் சேர். சேர்வது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். வாராவாரம் அசைன்மென்ட் முடிக்கும் சிரமம் உனக்கும் தெரியட்டும்.

இந்த வாரமே ஒரு கேள்வியைப் போட்டுவிடு, கண்ணு. இரண்டு பேர் எழுதினாலும் இருவருக்கும் பதில் எழுது.