முன்னொட்டும் முழுப்பெயரும்

உள்நாட்டு வருமான வரி வாரியம் இ-இன்வாய்ஸ் முறையை 1.8.2024இல் தொடங்கியது. ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்கள் முதலில் இதற்குள் வந்தன, 1.1.2025இல் 25 மில்லியனுக்கு மேற்பட்டவை சேர்ந்தன. இந்த இன்வாய்ஸ்கள் எக்ஸ்எம்எல் அல்லது ஜேசான் வடிவில் அமையும். எக்ஸ்எம்எல் வடிவம் யூபிஎல் 2.1 என்னும் உலகத் தரத்தைத் தழுவியது. செராஸ் வட்டாரக் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுபவன் என்ற முறையில், இக்கோப்புகளைப் படிப்பதில் எழும் ஒரு சிக்கலை இங்கே விளக்குகிறேன்.

கோப்பைத் திறந்தால், உறுப்புகளின் பெயருக்கு முன்னால் 'சிபிசி:', 'சிஏசி:' என்ற முன்னொட்டுகளைக் காணலாம். தொகை, தேதி போன்ற தனி விவரங்களுக்குச் சிபிசி; முகவரி, வரி போன்ற தொகுப்புகளுக்குச் சிஏசி. நிரலில் 'சிபிசி:' என்ற எழுத்துகளைத் தேடினால் போதும் என்று தோன்றும். போதாது.

ஒரே வகுப்பில் இரண்டு கவிதாக்கள் இருந்தால் மு. கவிதா, ரா. கவிதா என்கிறோம். அந்த 'மு' முருகனா, முனியாண்டியா? மைகார்டில் தந்தையின் முழுப்பெயரைப் பார்த்தால்தான் தெரியும். முன்னொட்டும் தலைப்பெழுத்து போன்றதே. கோப்பின் தொடக்கத்தில் அதற்கென அறிவிக்கப்படும் நீண்ட பெயர்வெளி முகவரிதான் முழுப்பெயர். 1999இல் டபிள்யூ3சி வகுத்த விதி இது. ஆகவே ஒரு மென்பொருள் 'சிபிசி:' என்றும், இன்னொன்று 'என்எஸ்2:' என்றும் எழுதலாம்; முகவரி ஒன்றானால் பொருளும் ஒன்றே. எழுத்தைத் தேடும் நிரலோ இரண்டாவது கோப்பில் தொகையைக் காணாது. கடைக்காரரின் செலவுக் கணக்கில் அந்த இன்வாய்ஸ் விடுபட்டுப் போகும்.

செய்ய வேண்டியவை:

1. ஜாவாவின் டாம் பகுப்பானில் பெயர்வெளியை உணரும் வசதி இயல்பாக அணைந்திருக்கும். முதலில் அதை இயக்குங்கள்.

2. ஒவ்வோர் உறுப்பிடமும் முன்னொட்டு, உட்பெயர், பெயர்வெளி முகவரி ஆகிய மூன்றையும் கேளுங்கள். முன்னொட்டு இல்லாததால் பெயர்வெளியும் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். இன்வாய்ஸ் என்னும் வேர் உறுப்பு பெரும்பாலும் முன்னொட்டின்றியே, இயல்புநிலைப் பெயர்வெளியில் இருக்கும்.

3. முகவரியையும் உட்பெயரையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். பைத்தானின் எலிமென்ட்ட்ரீ இவ்விரண்டை மட்டுமே தரும். முன்னொட்டும் வேண்டுமானால் எல்எக்ஸ்எம்எல் நூலகம் உதவும்.

4. இயல்புநிலைப் பெயர்வெளி பண்புகளுக்குப் பொருந்தாது. தொகையோடு வரும் நாணயக் குறியீட்டைப் பெயர்வெளி இன்றியே கேளுங்கள்.

அப்படியானால் முன்னொட்டு வீணா? இல்லை. மின்கையொப்பமிட்ட கோப்பில் முன்னொட்டும் கையொப்பத்துக்கு உட்பட்டது. அதை மாற்றி எழுதிச் சேமித்தால் கையொப்பம் செல்லாது. எனவே படிக்கும்போது முகவரியை நம்புங்கள். சேமிக்கும்போது முன்னொட்டைத் தொடாதீர்கள்.

நண்பர்களே, ஒரு பயிற்சி. மாதிரிக் கோப்பு ஒன்றின் நகலில், அறிவிப்பு உட்பட எல்லா இடத்திலும் 'சிபிசி'யை வேறு எழுத்தாக மாற்றி உங்கள் நிரலை ஓட்டுங்கள். மொத்தத் தொகை மாறாமல் வந்தால் நிரல் சரி.