கொய்யாவும் விண்பதியமும்

இனிய கனி தந்த கொய்யாவின் விதையை ஊன்றினால் அதே கனி கிடைக்குமென்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அஃது உறுதியன்று. விதையிற் பிறக்கும் கன்று தாயினின்றும் வேறுபடும். வேறுபாட்டால் நன்மை விளைவதும் உண்டு. நாட்டின் பல பகுதிகளிற் பயிராகும் ‘லக்னோ-49’, அலகாபாத் கொய்யாவின் விதைக் கன்றுகளினின்று 1927-ல் புனேயில் தேர்ந்தெடுக்கப்பட்டதே. ஆயினும் அத்தகைய பேறு அரிது.

நம் வீட்டுக் கிணற்றடியில் நிற்பது பெயரற்ற விதைமரமாயின், அதன் சுவை அவ்வொரு மரத்திலேயே வாழ்கிறது. வீட்டைப் பெருக்கிக் கட்ட அதனை வெட்டினால் சுவையும் உடன் மறையும். எந்த நாற்றுப்பண்ணையிலும் அது விலைக்குக் கிட்டாது.

அதனைக் காக்கும் எளிய முறை விண்பதியமாகும். பீகாரில் லிச்சிக் கன்றுகளைப் பெருக்குவதும் இம்முறையாலேயே. வேண்டுவன கூரிய கத்தி, தென்னை நார்க்கழிவு, பாலிதீன் தாள், சணற்கயிறு ஆகியவையே.

பென்சிற் பருமனுள்ள, ஓராண்டு முதிர்ந்த கிளையைத் தேர்க. கணுவிற்குச் சற்றுக் கீழே ஓரங்குல அகலத்திற்குப் பட்டையை வளையமாக நீக்குக. உள்ளிருக்கும் வழுவழுப்பைச் சுரண்டிவிடுக. இல்லையேல் பட்டை மீண்டும் கூடிவிடும். நனைத்துப் பிழிந்த நார்க்கழிவை அங்கே பொதிந்து, தாளாற் சுற்றி, இருபுறமும் இறுகக் கட்டுக.

இதன் தத்துவம் யாது? வேர் உறிஞ்சும் நீர் கட்டையின் வழியே மேலேறும். ஆதலால் கிளை வாடாது. இலை சமைக்கும் உணவோ பட்டையின் வழியே கீழிறங்கும். வழி அறுபட்டதால் அது வளையத்தின் மேல்விளிம்பில் தேங்கி, ஈரம் கிட்டியதும் அங்கே வேர் அரும்புகிறது.

மழைக்காலமே இதற்கு ஏற்றது. பூசை விடுமுறைக்குத் தமிழகம் செல்வோர் வடகிழக்குப் பருவமழையில் கட்டிவிட்டு வரலாம். ஐந்தாறு வாரங்களில் தாளினூடே வேர் தெரியும். குளிர்கால விடுமுறையிற் கட்டுக்குக் கீழே அறுத்து, தாளை நீக்கி, இலைகளிற் பாதியைக் களைந்து, தொட்டியில் நட்டு நிழலில் வைக்க. வேர் நன்கு பிடித்தபின் வீட்டார் நிலத்தில் நடலாம். ஆணிவேர் இராதாதலால் காற்றிற்குச் சாயாதவாறு கொம்பு ஊன்றிக் கட்டுதல் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளிற் காய்க்கும்.

எலுமிச்சை, மாதுளை ஆகியவற்றிற்கும் இம்முறை பயன்படும். மாவிற்கு ஒட்டுக் கட்டுதலே தக்கது. மூன்று நான்கு கிளைகளிற் கட்டுக. சில தவறினும் ஒன்றேனும் பிழைக்கும். ஆனால், மரம் நிற்கும்போதே செய்தல் வேண்டும். கோடரி வீழ்ந்தபின் கத்தியாற் பயனில்லை.