செலவைக் குறைப்பதும் சுமையைப் பங்கிடுவதும்: மார்க்கம் காட்டும் வரிசை

அரசாங்கத்தின் கஜானாவில் பணம் போதாமற் போனால் எதை நிறுத்துவது? யாரிடம் கூடுதலாக வாங்குவது? இது அரசியல் பேச்சு, தீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் நின்று காரசாரமாக வாதாடுகிறவர்கள்கூட, ஆலிம்சா வருவதைக் கண்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. பொதுப் பணம் எவ்வாறு சேர வேண்டும், எவ்வாறு செலவாக வேண்டும் என்பதற்கென்றே நமது இமாம்கள் தனிக் கிதாபுகள் எழுதி வைத்திருக்கிறார்கள். கலீபா ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூ யூசுப் (ரஹ்) எழுதிய 'கிதாபுல் கராஜ்' அத்தகையது. இமாம் அபூ உபைத் (ரஹ்) அவர்களின் 'கிதாபுல் அம்வால்' இன்னொன்று. தொழுகையின் பர்ளுகளைப் போலவே இதுவும் நம் முன்னோர்கள் ஓதிக் கொடுத்த பாடந்தான்.

உதாரணத்திற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2001 ஆகஸ்டில் தமிழக நிதியமைச்சர் பொன்னையன் அவர்கள் மாநிலத்தின் நிதி நிலை குறித்து வெள்ளை அறிக்கை வெளியிட்டார். கடன் ஏறிவிட்டது, வருவாய் சம்பளத்திற்கும் ஓய்வூதியத்திற்கும் வட்டிக்குமே போய்விடுகிறது என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து கத்தரிக்கோல் வெளியே வந்தது. அரசு ஊழியர்களின் போனஸிலும் ஓய்வூதியச் சலுகைகளிலும் கை வைக்கப்பட்டது. 2003இல் விவசாயப் பம்புசெட்டுகளுக்கான இலவச மின்சாரம் நின்றது. மாதம் 5000 ரூபாய்க்கு மேல் வருமானமுள்ள குடும்பங்களின் ரேஷன் அட்டையில் 'எச்' முத்திரை குத்தி, அரிசி இல்லை என்றார்கள். 2003 ஜூலையில் ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது சுமார் 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலைநிறுத்தம் செய்வதற்கு ஊழியர்களுக்கு அடிப்படை உரிமை கிடையாது என்று அந்த ஆண்டு ஆகஸ்டு 6இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. என்றாலும் பெரும்பாலோரை மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ள வழி பிறந்தது. 2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி ஒரு தொகுதியைக்கூடப் பெறவில்லை. முடிவு வெளியான சில நாட்களுக்குள், மே 18இல், இலவச மின்சாரம் திரும்பியது. 'எச்' முத்திரை போயிற்று. ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளும் வாபஸ் ஆயின.

(ரமளான் மாத நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரசு அரிசி வழங்கத் தொடங்கியதும் அதே 2001இல்தான். கத்தரிக்கோல் எடுத்த கையே அதையும் கொடுத்தது என்பதை நியாயத்திற்காகச் சொல்லி வைக்கிறோம்.)

இந்த மூன்று ஆண்டுகளின் கதையைச் சிலர் 'இலவசம் கொடுத்தால் நாடு கெடும்' என்பதற்குச் சான்றாகக் கூறுகிறார்கள். வேறு சிலர் 'எதையும் தொடாதே, தொட்டால் சுடும்' என்பதற்குச் சான்றாகக் கூறுகிறார்கள். இரண்டு தரப்பாரும் ஷரீஅத் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்பதில்லை. குறைப்பது அவசியமா என்பது ஒரு கேள்வி. அவசியமென்றால் யாரிலிருந்து தொடங்குவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

இந்த இரண்டாவது கேள்வி நமது சரித்திரத்தில் மிக நெருக்கடியான ஒரு வேளையில் எழுந்தது. ஹிஜ்ரி 657, அதாவது கி.பி. 1259. முந்தைய ஆண்டுதான் தாத்தாரியர்கள் பக்தாதை அழித்து கலீபாவைக் கொன்றிருந்தார்கள். அடுத்தது ஷாமும் மிஸ்ரும்தான் என்ற நிலை. கெய்ரோவில் ஆலிம்களையும் காஜிகளையும் கூட்டி, படைச் செலவுக்காக மக்களிடம் பணம் வசூலிக்கலாமா என்று ஆட்சிப் பொறுப்பிலிருந்த குதுஸ் கேட்டார். ஷாபியீ மத்ஹபின் பேரறிஞர், 'சுல்தானுல் உலமா' எனப் போற்றப்படும் ஷைகு இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் அந்தச் சபையில் இருந்தார்கள். எதிரி வாசலில் நிற்கிறான், இப்போது நிபந்தனை பேசுவது தேசத் துரோகம் என்று யாரும் சொல்லிவிடக் கூடிய வேளை. அவர்களோ நிபந்தனை போட்டார்கள். வசூலிக்கலாம், ஆனால் பைத்துல்மாலில் ஒன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது. அமீர்கள் தங்களிடமுள்ள பொற்கச்சைகளையும் விலையுயர்ந்த சாமான்களையும் விற்று, குதிரையும் ஆயுதமும் தவிர வேறில்லை என்ற அளவில் பொதுமக்களோடு சமமாகிவிட வேண்டும். அவர்கள் கையில் ஆடம்பரச் செல்வம் இருக்கும்வரை மக்களிடமிருந்து எடுப்பது ஆகாது. இதுவே அவர்கள் அளித்த ஃபத்வாவின் கருத்து. (பின்னர் மக்களிடம் வரி வாங்கத்தான் செய்தார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். ஆட்சியாளர் செய்ததல்ல, ஆலிம் சொன்னதே நமக்கு ஆதாரம்.) மறு ஆண்டு ரமளானில் ஐன் ஜாலூத் களத்தில் தாத்தாரியர் தோற்றோடினார்கள்.

இது ஒரு தனி மனிதரின் துணிச்சல் மட்டுமல்ல. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும், பின்னர் அந்தலூஸின் இமாம் ஷாத்திபி (ரஹ்) அவர்களும், கஜானா வற்றி, நாட்டைக் காக்க வேறு வழியில்லாதபோது நீதியான ஆட்சியாளர் செல்வந்தர்கள் மீது தேவையான அளவு சுமத்தலாம் என்று எழுதியிருக்கிறார்கள். 'செல்வந்தர்கள் மீது', 'தேவையான அளவு' என்ற இரண்டு சொற்களையும் கவனிக்க வேண்டும். வரிசை தெளிவாக இருக்கிறது: முதலில் கஜானா, அடுத்து ஆள்கிறவர்களின் ஆடம்பரம், அதன்பின் வசதியுள்ளவர்கள். ஏழையின் தட்டு இந்த வரிசையில் எங்கே வருகிறது என்று தேடினால் கிடைக்காது.

அந்தத் தட்டைப் பற்றி அறிய ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களிடம் போக வேண்டும். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டை 'சாம்பல் ஆண்டு' என்பார்கள். மழையின்றி ஹிஜாஸ் பூமி சாம்பல் நிறமாகிவிட்டது. பசித்த மக்கள் மதீனாவை நோக்கி வந்து குவிந்தார்கள். மக்களுக்கு வாழ்வு திரும்பும்வரை நெய்யும் இறைச்சியும் தொடுவதில்லை என்று கலீபா உறுதி பூண்டார்கள். எண்ணெயையே உண்டு அவர்களின் சிவந்த மேனி கறுத்துப் போயிற்று. ஒரு சமயம் சந்தைக்கு நெய் வந்ததைக் கண்டு பணியாளர் நாற்பது திர்ஹத்திற்கு வாங்கி வந்தபோது அதை சதகா செய்துவிடச் சொன்னார்கள். மக்களைத் தொட்ட துன்பம் தம்மைத் தொடாவிட்டால் அவர்களின் நிலைமை தமக்கு எப்படி விளங்கும் என்று கேட்டார்கள். மிஸ்ரிலிருந்தும் ஷாமிலிருந்தும் தானியம் தருவித்தார்கள். அந்த ஆண்டு ஜகாத் வசூலிப்பவர்களை அனுப்பவில்லை. மறு ஆண்டு மழை பெய்த பிறகே அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுக்குரியதை வாங்கி, ஒரு பங்கை அந்தந்த ஊர் ஏழைகளுக்கே கொடுத்துவிட்டு மறு பங்கைக் கொண்டு வரச் சொன்னார்கள் என்று அபூ உபைத் (ரஹ்) பதிவு செய்கிறார்கள். கஜானா சுருங்கிய ஆண்டில் உமர் (ரலி) ஏழைக்கான செலவைக் கூட்டினார்கள். வசூலைத் தள்ளி வைத்தார்கள். குறைத்தது தம் வீட்டுச் சமையலை.

இந்த அளவுகோலோடு நமது கரிசல் சீமைக்குத் திரும்புவோம். கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், புதூர் பகுதிகளில் பெரும்பாலான நிலம் வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி, தையிலும் மாசியிலும் உளுந்தும் பாசியும் கம்பும் பருத்தியும் வீடு வந்து சேர வேண்டும். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு அவர்கள் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடி, 1984 டிசம்பரில் காலமானது இந்தக் கோவில்பட்டியில்தான். அவர் போராட்டத்தின் பலன் தமிழகமெங்கும் கிணறு வைத்திருப்போருக்குக் கிடைத்தது. ஆனால் மானாவாரிச் சம்சாரிக்குப் பம்புசெட்டே கிடையாது. 2003இல் இலவச மின்சாரம் நின்றபோதும் அவருக்கு நஷ்டமில்லை; 2004இல் திரும்பியபோதும் லாபமில்லை. நாம் இலவச மின்சாரத்தை எதிர்த்து இதைச் சொல்லவில்லை. 'விவசாயிக்குக் கொடுத்தோம்', 'விவசாயியிடமிருந்து எடுத்தோம்' என்று இரு தரப்பாரும் பேசும்போது எந்த விவசாயி என்று கேட்க வேண்டும் என்கிறோம். மோட்டார் வைத்திருப்பவரிலும் அரை ஏக்கர்காரர் உண்டு, ஐம்பது ஏக்கர்காரர் உண்டு.

'எச்' முத்திரை விஷயத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வசதியுள்ளவருக்கு அரிசி இல்லை என்பது தன்னளவில் தவறா? அல்ல. ஜகாத்தையே அல்லாஹுத்தஆலா தவ்பா அத்தியாயத்தில் எட்டு வகையினருக்கென்று வரையறுத்துக் கொடுத்திருக்கிறான். செல்வந்தருக்கு அதில் பங்கில்லை. ஆனால் ஏழை யார் என்று தீர்மானிக்கும் முறை இருக்கிறதே, அங்கேதான் பிக்ஹு நமக்கு ஒரு நுட்பத்தைக் கற்றுத் தருகிறது. ஒருவர் தாம் ஏழை என்று கூறினால், அவரிடம் சொத்து இருந்ததாகத் தெரிந்திருந்தாலொழிய, சாட்சி கொண்டு வா என்று கேட்கக் கூடாது என்பது ஷாபியீ கிதாபுகளின் சட்டம். உடல் வலுவுள்ள இருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டபோது, ஏற இறங்கப் பார்த்துவிட்டு, செல்வந்தருக்கும் உழைத்துச் சம்பாதிக்கக் கூடியவருக்கும் இதில் பங்கில்லை என்று எச்சரித்தார்கள். ஆயினும் விரும்பினால் தருகிறேன் என்றும் கூறினார்கள். ஆதாரம் கேட்டு அலைக்கழிக்கவில்லை. தவறி ஒரு வசதிக்காரர் வாங்கிவிட்டால் அது அவரது குற்றம். தவறி ஒரு ஏழை விடுபட்டால் அது கொடுப்பவர் தலையில் விழும்.

மாத வருமானம் 5000 என்ற கணக்கு இங்கே எப்படிப் பொருந்தும்? கரிசல் சம்சாரிக்கு மாத வருமானம் என்று ஒன்று உண்டா? மாசியில் கையில் நாலு காசு புரளும். ஆடியில் வட்டிக்கு வாங்குவார். மாசியில் எண்ணினால் பணக்காரர், ஆடியில் எண்ணினால் பரதேசி. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பெண்களின் கூலி ஒட்டும் பெட்டிக் கணக்கில் வருவது. ஆர்டர் குறைந்தால் அதுவும் குறையும். அந்தத் தொழில் மீதான வரியே இதற்கு இன்னோர் உதாரணம். 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது கைத்தொழில் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18 சதவீதம் என்றிருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டையும் 12 என்று சமமாக்கினார்கள். கணக்கு எளிதாயிற்று. கையால் செய்கிறவருக்கு ஏழு கூடி, இயந்திரத்திற்கு ஆறு குறைந்தது. சமத்துவம் என்ற பெயரில் சுமை இடம் மாறுவது இப்படித்தான்.

ஊழியர்கள் விஷயத்தில் நம் மக்களிடையே கசப்பு உண்டு. சம்பளக்காரர்களுக்கு ஆகாதது நமக்கென்ன என்பார்கள். செய்த வேலைக்குரிய கூலி, வேர்வை உலருமுன் தர வேண்டிய கடன். அதில் கஜானா நிலைமை பேச இடமில்லை. போனஸ் போன்றவை இனிமேல் வரவேண்டியவை; அவற்றைப் பற்றிப் பேசித் தீர்க்கலாம். நமக்கு உறுத்துவது வேறு. 2003 ஏப்ரல் 1க்குப் பின் வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, சம்பளத்திலிருந்து பங்கு பிடிக்கப்படும் என்று முடிவாயிற்று. 2004இல் எல்லாம் திரும்பியபோது இது மட்டும் திரும்பவில்லை. ஏன்? அதைச் சுமக்க வேண்டியவர்கள் அன்று பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். வாக்களிக்காதவர், இன்னும் வந்து சேராதவர் தலையில் வைப்பதே எல்லா அரசுகளுக்கும் சுலபம். கடனும் அப்படிப்பட்டதுதான். 2021 ஆகஸ்டு 9இல் வெளியான வெள்ளை அறிக்கை, தமிழகத்தின் ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் பொதுக் கடன் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆகவே 'எதையும் குறைக்காதே' என்போரும் யாரோ ஒருவர் மீது சுமத்தத்தான் செய்கிறார்கள். அந்த ஆள் தொட்டிலில் கிடப்பதால் சத்தம் போடுவதில்லை.

இவ்வளவும் அரசாங்கத்தைப் பற்றி. நமது மஹல்லா ஜமாஅத்தும் ஒரு சிறு பைத்துல்மால்தானே? வாடகை நின்று, சந்தா குறைந்த மாதத்தில் நிர்வாகக் கூட்டத்தில் முதலில் எது குறைகிறது? பல ஊர்களில் நாம் காண்பது, பேஷ் இமாமின் சம்பளம் தள்ளிப் போகும்; மோதினார் பாதி வாங்குவார்; மக்தப் பிள்ளைகளுக்குக் கிதாபு வராது. மினாராவின் வர்ண விளக்கும், விழா மேடையும், வந்தவருக்குப் போர்த்தும் பொன்னாடையும் குறைவதில்லை. இஸ்ஸுத்தீன் (ரஹ்) அவர்கள் சொன்ன பொற்கச்சை இவைதாம்.

இது பற்றி நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் இரண்டு மஸ்அலாக்களுக்கும் பதில் தந்து விடுகிறோம். வருமானம் குறைந்த காலத்தில் ஜகாத் நிதியை எடுத்துப் பள்ளிவாசல் மராமத்துக்கோ கரண்டு பில்லுக்கோ கட்டலாமா? கூடாது, நான்கு மத்ஹபுகளின் பொதுவான தீர்ப்பு அதுவே. இமாமின் சம்பளத்தை அடுத்த வசூல்வரை நிறுத்தி வைக்கலாமா? மாதம் முடிந்த அன்றே அது ஜமாஅத்தின் மீது கடனாகிவிட்டது. அவராக மனமுவந்து தவணை தந்தாலொழிய, கையிருப்பில் உள்ளதைக் கொண்டு முதலில் அதைத் தீர்த்துவிட்டுத்தான் வேறு செலவைத் தொட வேண்டும்.