இரவல் வண்டியும் சட்டமும்

சென்ற ஆண்டு ஒரு மாலை, வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது நண்பன் ஒருவன், "மாப்ளே, சாவியைக் குடு. காந்திபுரம் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன்" என்றான். அவனிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை என்பதை நான் அறிவேன். வண்டியோ என் தந்தையார் பெயரில் இருந்தது. ஆயினும் கொடுத்தேன். வண்டி கீறலின்றித் திரும்பிற்று. செய்தியறிந்த தந்தையார், "ஏஞ்சாமி, அவன் யாரு மேலயாச்சும் உட்டிருந்தான்னா ஆரு பதில் சொல்றது?" என்று கேட்டார். அதற்கு விடை தேடியபோது அறிந்தவற்றை இங்குத் தருகிறேன்.

நம் நாட்டில் மோட்டார் காப்பீடு ஓட்டுபவருக்கன்று, வண்டிக்கே செய்யப்படுகிறது. ஆகவே உரிமம் உள்ள நண்பர் நம் அனுமதியுடன் ஓட்டிப் பிறருக்குத் தீங்கு நேர்ந்தால், நம் வண்டியின் காப்பீடே ஈடு செய்யும். உரிமம் இல்லாதவரிடம் கொடுக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அவ்வாறு கொடுப்பதைத் தடை செய்கிறது. 180ஆம் பிரிவின்படி 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உரிமையாளர் மட்டுமன்றி, வண்டியைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரும் இதற்கு உட்பட்டவர். அன்று அந்தக் குற்றவாளி நானே!

அபராதத்தினும் பெரிது இழப்பீடு. உரிமையாளர் அறிந்தோ அலட்சியமாகவோ உரிமம் இல்லாதவரிடம் வண்டியைத் தந்தார் என மெய்ப்பிக்கப்பட்டால், பாதிக்கப்பட்டவருக்குத் தான் கொடுத்த தொகையைக் காப்பீட்டு நிறுவனம் அவரிடமே வசூலிக்கலாம். 2004இல் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு இதைத் தெளிவுபடுத்தியது. காப்பீடே காலாவதியாகியிருந்தால், முழுச் சுமையும் ஓட்டியவர் மீதும் உரிமையாளர் மீதும் விழும்.

இரவல் வாங்குபவருக்கும் ஆபத்துண்டு. இரவல் மோட்டார் சைக்கிளில் சென்று மாட்டுவண்டியில் மோதி இறந்த ஒருவரின் வழக்கில், 2009இல் உச்ச நீதிமன்றம், அவர் உரிமையாளரின் இடத்தில் இருந்தவர் என்றும், 163ஏ பிரிவின்படி அவர் குடும்பத்தார் இழப்பீடு கோர இயலாது என்றும் கூறியது.

மாணவ நண்பர்களே! காருக்கும் இதே சட்டம்தான். சாவியைக் கொடுக்குமுன் உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். காப்பீடு முடியும் நாளையும் பாருங்கள். அடுத்த முறை நான் மறுத்தபோது அந்நண்பன் இரண்டு வாரம் பேசவில்லை. பின்னர் ஒரு நாள் தன் புதிய உரிமத்தை நீட்டி, "இப்பக் குடுப்பியா?" என்றான். மகிழ்ச்சியுடன் கொடுத்தேன்.