சொல் அறிவோம்: வயலின் வில்

வயலின் கற்கத் தொடங்கும் நம் பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. "இராமர் கையில் இருக்கும் வில் நன்றாக வளைந்திருக்கிறது. வயலின் வாசிக்கும் கோல் அப்படி வளையவில்லையே! அதை ஏன் வில் என்கிறோம்?" நியாயமான கேள்வி. விடையை நாமும் அறிந்திருப்பது நல்லது.

வளைவு மாறிய கதை

முற்காலத்து வயலின் வில்லும் போர் வில்லைப் போலவே வெளிப்புறம் வளைந்திருந்தது. அதில் நாணுக்குப் பதிலாகக் குதிரை வால் மயிர் கட்டப்பட்டிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரத்துக் கைவினைஞர் பிரான்சுவா தூர்த் (1747–1835) இன்றைய வடிவத்தை நிலைபெறச் செய்தார். பிரேசில் நாட்டுப் பெர்னாம்புகோ மரத்தைச் சூடாக்கி, மயிரை நோக்கி உட்புறமாக வளைத்தார். வளைவின் திசை மாறியது, பெயர் மாறவில்லை. இத்தாலியர் 'ஆர்க்கோ' என்பதும், ஜெர்மானியர் 'போகன்' என்பதும் வில்லையே குறிக்கும்.

வில்லும் வணக்கமும்

ஆங்கிலத்தில் வில்லைக் குறிக்கும் 'போ', தலைதாழ்த்தி வணங்குவதைக் குறிக்கும் 'பௌ' ஆகிய இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். இது தற்செயல் அன்று. இரண்டுக்கும் அடிப்படைப் பொருள் வளைதல். தமிழிலும் வணங்குதல் என்றால் வளைதல் என்ற பொருள் உண்டு. வில் வளைவதை வள்ளுவரும் வணக்கம் என்றே குறிப்பிடுகிறார் (குறள் 827). வில் வளைவது தீங்கு செய்வதற்கே. ஆகையால் பகைவரின் பணிவான சொல்லை நம்பவேண்டாம் என்கிறார். நம் பிள்ளைகள் கையில் இருப்பதோ எவருக்கும் தீங்கு செய்யாத வில்.

தமிழர் இசையில் வில்

வில்லிலிருந்து இசை பிறப்பது நமக்குப் புதிதன்று. குமிழ மரக் கொம்பில் மரல் நாரைக் கட்டி, இடையன் ஒருவன் வில்யாழ் செய்து வாசித்ததைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. தென் தமிழகத்தின் வில்லுப்பாட்டில் மணிகள் கட்டிய பெரிய வில்லின் நாணை வீசுகோலால் தட்டிப் பாடுகிறார்கள். மேலை நாட்டு வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களுள் முன்னோடி, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். வயலினோடு வந்த கோலுக்கும் நம் மொழியில் வில் என்ற சொல் தயாராகவே இருந்தது.

வில்லின் வேலை

வயலின் வில் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் நீளமும் 60 கிராம் எடையும் கொண்டது. மயிரில் பூசும் ரோசின், பைன் மரப் பிசினிலிருந்து கிடைப்பது. அதன் பிடிப்பால் மயிர் தந்தியைப் பற்றி இழுக்கிறது, தந்தி நழுவுகிறது, மீண்டும் பற்றுகிறது. இது ஒரு விநாடியில் பல நூறு முறை நிகழ்கிறது. ஆகவே விரல் எவ்வளவு சரியாக விழுந்தாலும், வில் ஒழுங்காக ஓடாவிட்டால் நாதம் கிடைக்காது.

பெற்றோர் கவனத்திற்கு

போர் முடிந்ததும் வில்லாளி நாணைக் கழற்றி வைப்பான். இல்லையேல் வில் வலுவிழக்கும். அதுபோல, வாசித்து முடித்ததும் அடிப்பக்கத் திருகைத் திருப்பி மயிரைத் தளர்த்த வேண்டும். மயிரைக் கையால் தொடக்கூடாது; எண்ணெய்ப் பசை பட்டால் பிடிப்புப் போய்விடும். சரஸ்வதி பூசையில் வயலினை வைக்கும்போதும் மயிரைத் தளர்த்திய பின்பே வில்லை வைப்போம். மயிரில் சந்தனமோ குங்குமமோ இடவேண்டாம்.

வீட்டில் "போ எங்கே?" என்று கேட்பதை விட்டு, "வில் எங்கே?" என்று கேட்டுப் பழகுவோம். அந்த ஒரு சொல்லோடு இராமரும் வள்ளுவரும் வில்யாழ் செய்த இடையனும் பிள்ளைகளிடம் வந்து சேர்வார்கள்.